மாந்தையில் கிடைத்த ஒரு கராம்பு

மாந்தை மேட்டின் மண்ணுக்குள் ஒரு கராம்பு கிடந்தது. ஒன்றே ஒன்று. திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில், பழைய மாதோட்டத் துறைமுகம் புதைந்து கிடக்கும் அந்த மேட்டை 2009, 2010ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தொல்லியல் திணைக்களமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து தோண்டினார்கள். நெல்லும் மிளகும் கிடைத்தன. அன்று இந்தத் தீவில் விளையாத கோதுமையும் திராட்சை விதையும்கூடக் கிடைத்தன. அவற்றோடு இந்தக் கராம்பு. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று கணித்தார்கள். ஆய்வு முடிவு 2018இல் 'அன்டிகுவிட்டி' என்ற தொல்லியல் இதழில் வெளிவந்தது. உலகில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மிகப் பழைய கராம்புகளுள் அதுவும் ஒன்று.

இதே மேட்டில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் 1980இல் ஓர் அகழ்வு தொடங்கியது. 1984இல் போர் அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பின் கால் நூற்றாண்டு அந்த மண்ணை ஒருவரும் கிளறவில்லை. கராம்பும் அங்கேயே காத்திருந்தது.

இன்று மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்களின் பையைத் திறந்தால், பாய், போர்வை, மெழுகுதிரி, தேங்காய், அரிசி இவற்றுக்கு நடுவே ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கும். சிலர் வீட்டில் கோடாலித் தைலம், சிலர் வீட்டில் சித்தாலேப, சிலர் வீட்டில் யூக்கலிப்டஸ் எண்ணெய். சூத்தைப்பல் உள்ளவர் வீட்டில் கராம்பு எண்ணெய். காட்டுக்குள் கூடாரம் போட்டுப் பல நாள் தங்குகிறவர்களுக்கு நடு இரவில் பிள்ளைக்குத் தலையிடித்தாலோ அப்பாவுக்குப் பல்லுக் குத்தினாலோ முதலில் கை போவது அந்தக் குப்பிக்குத்தான். மாந்தையில் கிடந்த கராம்பும் மடுவுக்குப் போகும் இந்தக் குப்பியும் ஒரே பொருளின் பயணத்தில் இரண்டு இடங்கள். நடுவில் ஆயிரம் ஆண்டு இருக்கிறது. அந்த ஆயிரம் ஆண்டுக்குள் மடுவின் கதையும் வந்து கலந்திருக்கிறது.

கராம்பு மரத்தின் பிறப்பிடம் இந்தோனேசியாவின் வடக்கு மலுக்குத் தீவுகள். தெர்னாத்தே, திடோரே, மோத்தி, மாக்கியான், பச்சான் என்று வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும் எரிமலைத் தீவுகள். நெடுங்காலம் உலகத்துக் கராம்பெல்லாம் அந்தத் தீவுகளிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. நாம் கறியில் போடுவது விரியாத பூமொட்டு. பச்சையாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் நேரம் பார்த்துக் கொத்தாக ஆய வேண்டும். விரிந்துவிட்டால் மணம் குறைந்துவிடும். ஆய்ந்ததைப் பாயில் பரப்பி நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டால் எடை மூன்றில் ஒன்றாகச் சுருங்கி, கறுத்து, ஆணி மாதிரி ஆகிவிடும். சாறு போய்விடும், எண்ணெய் தங்கிவிடும். அதனால்தான் கடலில் மாதக்கணக்காகக் கிடந்தாலும் கராம்பின் காரம் போவதில்லை.

மலுக்கிலிருந்து ஜாவா, சுமாத்திரா, கடாரம் என்று கைமாறிக் கைமாறி, பருவக்காற்றைப் பிடித்து வங்கக் கடலைத் தாண்டி அது மாதோட்டத்துக்கு வந்தது. ஏன் மாதோட்டம்? மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே கடல் ஆழமில்லை. மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பெரிய மரக்கலங்கள் தாராளமாகப் போய்வர முடியாது. கிழக்கேயிருந்து வந்த சரக்கும் மேற்கேயிருந்து வந்த சரக்கும் இந்தக் கரையில் இறங்கி, மாறி, மீண்டும் ஏறின. ஆழமில்லாத கடல்தான் மாதோட்டத்தைப் பெருந்துறையாக்கியது. கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் ஆறாம் நூற்றாண்டில் எழுதும்போது, கிழக்கு நாடுகளிலிருந்து இலங்கைக்குப் பட்டும் அகிலும் சந்தனமும் கராம்பும் வருவதைக் குறித்து வைத்தார். சோழர் இந்தக் கரையைப் பிடித்தபோது மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் சூட்டினார்கள். தாழிக்குமரன் என்ற சோழ அதிகாரி இங்கே இராசராசேச்சரம் என்ற கோயிலை எழுப்பினான் என்று கல்வெட்டு இருக்கிறது. அகழ்வில் கிடைத்த கராம்பின் காலக்கணிப்புக்குள் இந்தச் சோழர் காலமும் அடங்குகிறது.

அந்தக் காலத்துக்கு வெகு முன்பே கராம்பு வாய்க்கும் பல்லுக்கும் உரிய மருந்தாகிவிட்டது. ஹான் வம்சச் சீன அரசவையில் பேரரசர் முன்னே பேசப் போகிறவர்கள் வாயில் கராம்பை ஒதுக்கிக்கொள்வது வழக்கம் என்று சீன மரபு சொல்கிறது. சரக சம்ஹிதை வாய் மணக்க மெல்லச் சொல்லும் பொருட்களில் இலவங்கம் என்ற கராம்பும் ஒன்று. நம் சித்த மருத்துவத்திலும் அதற்கு நிலையான இடம் உண்டு. இப்போது கடையில் 'மாற்று மருத்துவம்' என்று சொல்லிப் புதிதுபோல விற்கப்படும் பல எண்ணெய்களின் வேர் இப்படிப் பழைய கைமருந்துகளில்தான் இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டுக்கு வந்தால் கதை கசக்கிறது. 1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பெனி கராம்பு வாணிகம் முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அம்போனிலும் அதைச் சுற்றிய சில தீவுகளிலும் மட்டும் கராம்பை வளர்ப்பது, மற்றத் தீவுகளின் மரங்களை எல்லாம் அழிப்பது என்பது திட்டம். 1652இல் தெர்னாத்தே சுல்தானோடு அதற்கு உடன்படிக்கையும் செய்துகொண்டது. சுல்தானுக்கு ஆண்டுதோறும் பணம். குடிகளின் தோப்புக்குக் கோடரி. படகுப் படையை அனுப்பித் தீவு தீவாக மரங்களை வெட்டினார்கள், எரித்தார்கள். எதிர்த்த ஊர்கள் அழிந்தன. ஒரு மொட்டின் விலை விழாமல் இருக்க ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வையே வெட்டிச் சாய்த்த கொடுமை அது.

இதே கம்பெனிதான் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. பிடித்த கையோடு கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தது. மாந்தையில் அப்போது ஒரு மாதா கோயில் இருந்தது. 1670இல் அங்கிருந்த இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் தப்பிப் போய், மருதமடுவில் தங்கினார்கள் என்று மடுவின் வரலாறு சொல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்களும் அங்கே அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மலுக்கில் கராம்பு மரத்தை வெட்டிய கம்பெனியும் மாந்தையிலிருந்து மாதாவைக் காட்டுக்குத் துரத்திய கம்பெனியும் ஒன்றே என்பதை மன்னாரில் பிறந்த பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டையும் வேறு வேறு பாடமாகப் படித்தோம்.

கம்பெனியின் கட்டு என்றென்றைக்கும் நிற்கவில்லை. 1770இல் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கராம்பு நாற்றுகள் மலுக்கிலிருந்து களவாக மொரிசியசுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து ரீயூனியன், சான்சிபார், பெம்பா என்று பரவின. இலங்கையிலும் மத்திய மலைநாட்டின் ஈரமான சரிவுகளில் அந்த மரம் வேர்விட்டது. இன்று கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிக்கும் சாதிக்காய் மரத்துக்கும் பக்கத்தில் அது நிற்கிறது. உயரமான மரம், கொப்பு எளிதில் முறியும். ஏறிப் பறிக்கிறவருடைய உயிருக்கு உத்தரவாதமில்லாத வேலை. குப்பியை நாம் கையில் எடுக்கும்போது அந்த மரமேறியை நினைக்க வேண்டும்.

இந்தத் தீவு உலகுக்குக் கொடுத்த மணஎண்ணெய்கள் வேறும் உண்டு. கறுவா இலை எண்ணெயும் தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கத்துப் புல்லிலிருந்து வடிக்கும் சிற்றனெல்லா எண்ணெயும் நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பலேறின. சிற்றனெல்லா எண்ணெயைக் கையிலும் காலிலும் பூசிக்கொண்டு மடுக் காட்டில் படுத்தவர்கள் பலர். ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பெயர்போன காடு அது. அந்த எண்ணெய் நுளம்பைக் கொஞ்ச நேரம் விலக்கி வைக்கும், பிறகு காற்றோடு போய்விடும். இலங்கையில் மலேரியாவை ஒழித்தது வேறு: வீடு வீடாக மருந்தடித்ததும், காய்ச்சல்காரரின் இரத்தத்தைத் தேடித் தேடிச் சோதித்ததும், கண்டவுடன் மாத்திரை கொடுத்ததும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. எண்ணெய்க்கு உரிய பெருமையை எண்ணெய்க்கும், சுகாதார ஊழியருக்கு உரியதை அவருக்கும் கொடுப்பதுதான் நியாயம்.

கராம்பிலிருந்து எண்ணெய் வருவது இப்படி. காய்ந்த மொட்டைப் பாத்திரத்தில் இட்டு நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி மொட்டின் எண்ணெய்ப் பைகளை உடைத்து எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குள் போகும். குளிர்ந்தவுடன் தண்ணீர் வேறு, எண்ணெய் வேறு. மணஎண்ணெய்களில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதக்கும். கராம்பு எண்ணெய் அடியில் போய்ப் படியும். அவ்வளவு கனம். ஒரு கிலோ நல்ல மொட்டில் 150 முதல் 200 கிராம் வரை எண்ணெய் கிடைக்கும். ரோசாவையோ மல்லிகையையோ வடிக்கிறவர்கள் கனவிலும் காணாத அளவு அது. இலையிலும் காம்பிலும்கூட எண்ணெய் உண்டு, விலை குறைவு. கண்ணாடிக் குப்பியில் அடைப்பதற்கும் காரணம் இருக்கிறது. சில வகைப் பிளாஸ்டிக்கை அந்த எண்ணெய் இளக்கிவிடும்.

பல்வலி குறைவது நம்பிக்கையால் மட்டும் நடப்பதல்ல. கராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினோல் என்ற பொருள். அது முதலில் சூட்டை உணரும் நரம்பு முனையைத் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் வைத்தவுடன் சுரீர் என்று எரிகிறது. பிறகு அதே முனையைக் களைக்க வைக்கிறது. வலிச் செய்தியைக் கடத்தும் சோடியம் வாய்க்கால்களையும் அடைக்கிறது. பல் மரத்துப் போகிறது. 2006இல் வெளிவந்த குவைத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஊசி போடுமுன் வாயில் தடவும் பென்சோகெயின் மருந்துக்கு நிகராகக் கராம்புக் களிம்பு வலியைக் குறைத்தது. பல் வைத்தியர் குழியில் தற்காலிகமாக அடைக்கும் சீமெந்திலும் துத்தநாக ஒட்சைட்டோடு கலப்பது யூஜினோலைத்தான். பல் வைத்திய அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் மணம் அதிலிருந்து வருவது. நம் அம்மம்மாமார் சூத்தைப்பல்லில் ஒரு கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு அடுப்படி வேலையைப் பார்த்ததற்கும் வைத்தியரின் மேசையில் இருக்கும் குப்பிக்கும் நடுவே இருப்பது அளவு பற்றிய அறிவு மட்டுமே.

போர்க்காலத்தில் அந்த மொட்டின் பெறுமதி கூடியது. தொண்ணூறுகளில் மடுக் கோயில் வளவு பல்லாயிரம் இடம்பெயர்ந்தவர்களின் ஊராக இருந்தது. வன்னிக்கு மருந்து போவதற்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. வைத்தியரைக் காண்பதே பெரும்பாடு என்றால் பல்லுக்கென்று ஒரு வைத்தியரை எங்கே தேடுவது? கையில் இருப்பதைக் கொண்டு வலியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. 1999 நவம்பரில் அந்தக் கோயில் வளவிலேயே எறிகணை விழுந்து, தஞ்சமடைந்தவர்கள் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவின் சொரூபமே மடுவிலிருந்து தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பியது. 1670இல் மாந்தையிலிருந்து தொடங்கிய இடப்பெயர்வு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

இப்போது பாதை திறந்திருக்கிறது. 2013 மேயில் மடுவீதி நிலையத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆடி மாதத்திலும் ஆவணி மாதத்திலும் வடக்கிலிருந்தும் சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்தும் தமிழரும் சிங்களவருமாகக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஓகஸ்ட் 15 பெருவிழாவுக்கு வருகிறவர்கள் இலட்சக்கணக்கில். கண்டியிலோ மாத்தளையிலோ வடித்த எண்ணெய், ஏதோ ஒரு பாமசியில் விலைக்கு வாங்கப்பட்டு, மதவாச்சி வழியாக, மாந்தைக்கு நாற்பது கிலோமீட்டர் அளவு இப்பால் உள்ள இந்தக் காட்டுக்கு வந்து சேர்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கிழக்கேயிருந்து கடல்வழி வந்த அதே மணம்.

திரும்பிப் போகும்போது அவர்கள் மடு மண்ணைக் கொஞ்சம் எடுத்துப் போகிறார்கள். பாம்புக் கடிக்குக் காவல் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். மண்ணை நெற்றியில் பூசி மாதாவை வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிக்கொண்டே கடிபட்டவரை ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. எண்ணெய்க் குப்பியின் விசயத்திலும் நான் கேட்பது இதே ஒழுங்கைத்தான்.

ஏனென்றால் இந்தக் குப்பிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 1993இல் பிரித்தானியக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பிள்ளையின் நிலை பதிவாகியிருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை 5 முதல் 10 மில்லி லீட்டர் வரை கராம்பு எண்ணெயைக் குடித்துவிட்டது. நினைவிழந்தது, வலிப்பு வந்தது, இரத்தம் உறையும் தன்மை கெட்டது, ஈரல் பாதிக்கப்பட்டது. தீவிர சிகிச்சையில் வைத்துப் போராடித்தான் காப்பாற்றினார்கள். 5 மில்லி லீட்டர் என்றால் ஒரு தேக்கரண்டி. யூஜினோல் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும் விதம், பரசிற்றமோல் அளவு மீறினால் தாக்குவதைப் போன்றது. யூக்கலிப்டஸ் எண்ணெயையும் கற்பூரம் கலந்த தைலங்களையும் சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். மணக்கிறது, இயற்கையானது, ஆகவே ஆபத்தில்லை என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பத்து நோய்க்கு ஒரே எண்ணெய், சர்க்கரை வியாதிக்கும் புற்றுநோய்க்கும் இந்தத் துளி என்று பேசுகிறவர்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது பொய். உயிரை வாங்கும் பொய்.

கராம்பு எண்ணெய் உண்மையில் செய்யக்கூடியது ஒன்றுதான், ஆனால் அதை நன்றாகச் செய்கிறது: ஓர் இரவின் பல்வலியை விடியும்வரை தாங்கக்கூடியதாக ஆக்குகிறது. ஒரு துளியை நாலைந்து துளி தேங்காயெண்ணெயோடு கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லின் குழியில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துவிட வேண்டும். முரசில் பட்டால் வேகும். விழுங்கக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்காமல் தொட வேண்டாம். பல் முளைக்கிற குழந்தையின் முரசில் இதைத் தடவும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். வலி குறைந்துவிட்டது என்று பல்லை மறந்துவிடவும் கூடாது. சூத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். கொடுப்பு வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ வாயைத் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். இந்த நாட்டில் அரசாங்க ஆசுபத்திரியில் பல் பார்க்கக் காசு கேட்பதில்லை.

இந்த முறை மடுவுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குப்பியைக் கொண்டு போங்கள். மூடியை இறுக்கி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் கூடாரக் கம்பத்தில் உயரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளை குடித்துவிட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் பருக்காதீர்கள்; குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே 1990 சுவசரிய அம்புலன்சை அழையுங்கள்.